எளியோரின் கிண்ணம்

திருப்பலியில் காணிக்கை வேளை. பீடச் சிறுவன் இரண்டு சிறு குப்பிகளை நம்மிடம் நீட்டுகிறான். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் திராட்சை இரசம். குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட நாள்தொட்டு இந்தச் சிறு குப்பியைக் கையில் வாங்கி வருகிறோம். நிலம் தந்த கொடை, மனிதர் உழைப்பின் பயன் என்று சொல்லி அதை இறைவன்முன் உயர்த்துகிறோம். ஆனால் எந்த நிலம், யாருடைய உழைப்பு என்று ஒரு கணம் நின்று கேட்டதுண்டா? உண்மையைச் சொன்னால், பல ஆண்டுகள் நாம் கேட்டதே இல்லை.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இதுபற்றி மிகச் சுருக்கமாகவே பேசுகிறது. அதன் 924-ஆம் சட்டப்படி, திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியினின்று இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும். விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்றோ, பெயர்பெற்ற ஊரிலிருந்து வரவேண்டும் என்றோ சட்டம் கேட்கவில்லை. உண்மையானதாக இருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. குருமடத்தில் இச்சட்டத்தைப் படித்த நாளில், இதில் என்ன பெரிய செய்தி இருக்கிறது என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். இத்தாலி நாட்டின் மலிவான சிவப்புத் திராட்சை இரசம் ஒன்றின் வரலாற்றை அறிந்த பின்னரே அச்சொல்லின் கனம் விளங்கிற்று.

மதுவைப் பற்றி ஒரு பங்குத்தந்தை எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். குடியால் சிதைந்த குடும்பங்களின் கண்ணீரை இல்லச் சந்திப்புகளில் காண்பவர்கள் நாம். எனவே இக்கட்டுரை எவரையும் குடிக்க அழைப்பதற்கன்று. ஒரு கிண்ணத்தை எப்படிப் பார்க்க வேண்டும், எப்படிப் பகிர வேண்டும், அதன் பின்னால் நிற்கும் மனிதரை எப்படி நினைக்க வேண்டும் என்று ஓர் எளிய மக்களின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. அதையே இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

மூடுபனிக் குன்றுகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதத்தில், புனித தொன் போஸ்கோ பிறந்த பெக்கி என்னும் சிற்றூருக்குத் திருப்பயணமாகச் சென்றிருந்தோம். இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைகளின் அடியில், பியமோந்தே மாநிலத்தில் அவ்வூர் உள்ளது. பியமோந்தே என்னும் பெயருக்கே மலையடி என்றுதான் பொருள். மாநிலத்தின் தலைநகர் தூரின். அதற்குத் தென்கிழக்கே ஆஸ்தி, அலெசாந்திரியா மாவட்டங்களில் அலையலையாய்ப் பரந்து கிடக்கும் குன்றுகளை மொன்ஃபெராத்தோ என்று அழைப்பர். குன்றின் உச்சியில் ஆலயக் கோபுரம். சரிவெங்கும் திராட்சைக் கொடிகள். அடிவாரத்தில் வெண்பஞ்சாய்ப் படிந்த மூடுபனி. கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் அந்த அழகின் அடியில் வறுமையின் நீண்ட வரலாறு புதைந்து கிடக்கிறது.

இக்குன்றுகளின் கொடி, பார்பேரா. அதன் பழத்திலிருந்து பெறும் இரசத்துக்கும் அதே பெயர். அண்டையிலுள்ள லாங்கே குன்றுகளில் நெபியோலோ என்னும் மற்றொரு கொடி விளைகிறது. அதிலிருந்தே புகழ்பெற்ற பரோலோ உருவாகிறது. அரசர்களின் இரசம் என்று பரோலோவைப் புகழ்வார்கள். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நிலவறையில் காத்திருந்த பின்னரே அது சந்தைக்கு வரும். விலையும் அதற்கேற்ப உயரும். லாங்கே குன்றுகளில் வெயில் நன்கு விழும் தெற்குச் சரிவுகளை நெபியோலோவுக்கு ஒதுக்கி, எஞ்சிய இடத்தில் பார்பேராவை நடுவது வழக்கம். பரோலோ விழாவுக்கு, பார்பேரா அன்றாட உணவுக்கு. முன்னது விற்பதற்கு, பின்னது உழவன் தன் வீட்டில் குடிப்பதற்கு.

ஆயினும் பார்பேரா பழம்பெருமை இல்லாதது அன்று. காசாலே மொன்ஃபெராத்தோ நகரின் பேராலயக் குருக்கள் குழாத்தின் ஆவணக்காப்பகத்தில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குத்தகை ஆவணங்கள் உள்ளன. அவற்றில் குறிக்கப்படும் நல்ல கொடிகள் பார்பேராவே என்று பலர் கருதுவர். 1798-இல் தூரின் வேளாண்மைக் கழகத்தைச் சேர்ந்த நுவோலோனே பிரபு மொன்ஃபெராத்தோவின் திராட்சை வகைகளை வரிசைப்படுத்தியபோது, பார்பேரா ஐயத்துக்கிடமின்றித் தன் பெயரோடு இடம்பெற்றது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பேரிடர் நேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலோக்ஸெரா என்னும் நுண்ணிய வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. இத்தாலியில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆண்டு 1879. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே அதற்குக் கண்ட மாற்று. எல்லாத் தோட்டங்களையும் புதிதாக நடவேண்டி வந்தபோது, உழவர்கள் மிகுதியாகத் தேர்ந்தது பார்பேராவைத்தான். எம்மண்ணிலும் வளரும், தவறாது காய்க்கும், கொத்துக் கொத்தாய்த் தரும். ஏழைக்கு வேண்டியது அதுவன்றோ! ஆனால் அந்த வள்ளன்மையே பின்னாளில் அதன் விலையைத் தாழ்த்திற்று.

விற்கப்பட்ட தோட்டம்

இக்குன்றுகளின் மக்கள் நமக்கு அயலார் அல்லர். தொன் போஸ்கோவின் தந்தை பிரான்செஸ்கோ பிறருடைய பண்ணையில் உழைத்த ஏழை உழவர். 1817-இல், வேர்வை சொட்டச் சொட்ட வயலிலிருந்து திரும்பியவர், குளிர்ந்த நிலவறைக்குள் இறங்கினார். அன்று மாலையே காய்ச்சல் கண்டது; சில நாள்களில் இறந்தார். அப்போது யோவானுக்கு இரண்டு வயது நிறையவில்லை. தாய் மார்கரீத்தா பஞ்ச காலத்தில் பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். 1846-இல் மகனின் வேண்டுகோளுக்கிணங்கி அத்தாய் தூரினின் வால்தொக்கோவுக்குக் குடிபெயர்ந்தபோது, முதற் செலவுகளுக்காகச் சில துண்டு நிலங்களையும் ஒரு திராட்சைத் தோட்டத்தையும் விற்றதாகத் தொன் போஸ்கோ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அனாதைச் சிறுவர்களின் அடுப்பு எரிந்தது ஒரு திராட்சைத் தோட்டத்தின் விலையில்!

சலேசிய சகோதரிகளின் இணை நிறுவனரான புனித மரிய மசரெல்லோவும் இம்மண்ணின் மகளே. 1837-இல் மொர்னேசே ஊரில் பிறந்தவர். தந்தையோடு திராட்சைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்தவர். கூலியாள்கள் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது திணறினார்களாம். 1879-இல் சகோதரிகளின் தலைமையில்லம் நீத்சா மொன்ஃபெராத்தோ நகருக்கு மாறியது. அரசு பறித்த பழைய துறவுமடம் ஒன்று திராட்சை இரசக் கிடங்காய்க் கிடந்தது. அதைத் தொன் போஸ்கோ வாங்கி மீண்டும் இறைவேண்டலின் இல்லமாக்கினார். அங்கேயே 1881-இல் மரிய மசரெல்லோ இறைவனடி சேர்ந்தார். அந்த நீத்சா நகரே இன்று பார்பேராவின் இதயமெனப் போற்றப்படுகிறது. சலேசியக் குருக்கள் 1906-இலும் சகோதரிகள் 1922-இலும் நம் தஞ்சைக்கு வந்தபோது, இக்குன்றுகளின் மண் அவர்கள் காலடியில் ஒட்டியிருந்தது என்றே நாம் எண்ணுகிறோம்.

2025 ஏப்ரலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் தந்தைவழி முன்னோரும் ஆஸ்தி அருகேயுள்ள போர்த்தகோமாரோவைச் சேர்ந்தவர்களே. 1929-இல் அக்குடும்பம் கடல் கடந்து அர்ஜென்டினா சென்றது. அவர்களைப்போல் எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் சென்றன. 2022 நவம்பரில் திருத்தந்தை ஆஸ்திப் பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றித் தம் உறவினரைக் கண்டு மகிழ்ந்தது, பிழைப்புத் தேடிப் பிரிந்த ஒரு மரபின் மறுவருகையாகும்.

நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். இத்தாலியில் அந்நாளில் புதிய இரசத்தைச் சுவைப்பது மரபு. அதே நாள்தான் வாரக் குத்தகையின் கணக்கு முடியும் நாளும் ஆகும். நிலக்கிழார் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தால், உழவன் பாத்திரம் பண்டங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிள்ளைகளோடு வேறு பண்ணை தேடிப் புறப்பட வேண்டும். மார்ட்டின் செய்வது என்றால் வீடு மாறுவது என்று இத்தாலியில் ஒரு வழக்கே உண்டு. தன் மேலாடையை இரண்டாகக் கிழித்து இரவலனுக்கு ஈந்த புனிதரின் நாளில் ஒரு வீட்டில் புதிய இரசம். மறு வீட்டில் வெறும் வண்டி!

முதல் துளி யாருக்கு?

ஆஸ்திக் குன்றுகளின் ஒரு பங்கு இல்லத்தில் அன்றிரவு தங்கினோம். அங்கிருந்த பங்குத்தந்தை எண்பது வயதைக் கடந்தவர். திராட்சை உழவரின் மகன். உணவு மேசையில் ஒரு பார்பேரா இருந்தது. எளிய விலைதான், கடையில் சில யூரோக்கள் கொடுத்தால் கிடைக்கும் என்றார். ஆனால் அதைக் கையாண்ட முறையில் எளிமையோடு ஒரு பக்தியும் இருந்தது.

நிலவறையிலிருந்து சிறிது முன்னரே புட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். சிவப்பு இரசத்தை அறையின் வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது பழைய விதி. அந்த அறை கல்லால் கட்டிய குளிர்நாட்டு அறை என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். பார்பேராவுக்கு ஏற்றது ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். 35 பாகையில் வைத்துப் பரிமாறினால் சாராய நெடியே முந்திக்கொண்டு மூக்கைத் தாக்கும். பழத்தின் மணம் ஓடி ஒளிந்துகொள்ளும். வெப்ப நாடுகளில் குளிர்பெட்டியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தெடுப்பதே முறை. அளவு மீறிக் குளிர்ந்தாலும் மணம் உறங்கிவிடும். புளிப்பு மட்டுமே நிற்கும்.

தக்கையை எடுத்தவர் முதலில் தம் கிண்ணத்திலேயே சிறிது வார்த்தார். விருந்தினருக்கு முன் தாம் எடுத்துக்கொள்வதா என்று நாம் வியந்தோம். அவர் முறுவலித்தார். முதல் துளியில் தக்கைத் துகள் விழக்கூடும். தக்கை பழுதானால் இரசத்தில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை ஏறியிருக்கும். அதை விருந்தினர் முகர்ந்து முகம் கோணக்கூடாது. வீட்டுக்காரர் முதலில் சுவைப்பது உரிமை அன்று, பொறுப்பு என்றார். அச்சொல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது.

கிண்ணத்தை அவர் நிரப்பவில்லை. மூன்றில் ஒரு பங்கே வார்த்தார். எஞ்சிய வெற்றிடம் மணத்துக்கு உரியது. வெள்ளை மேசைவிரிப்பின்மேல் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார். கருஞ்சிவப்பு, ஓரத்தில் ஊதாச் சாயல். காம்பைப் பிடித்து மெல்லச் சுழற்றியதும் புளிச்செர்ரியும் பிளம்சும் கலந்தாற்போன்ற மணம் எழுந்தது. ஒரு வாய் எடுத்துச் சற்று நேரம் நாவில் நிறுத்தச் சொன்னார்.

இங்கே ஒரு வியப்பைக் கண்டோம். அத்தனை கருமையான இரசம் நாவைப் பிடித்து இழுக்கும் என்று எண்ணினோம். நாவற்பழம் தின்றால் நாக்கும் ஈறும் பிடித்தாற்போல் ஆகுமன்றோ, அத்துவர்ப்பு இதில் மிகக் குறைவு. மாறாக, வாயூறச் செய்யும் தெளிந்த புளிப்பே மேலோங்கி நின்றது. பார்பேராவின் தோலில் நிறம் மிகுதி, துவர்ப்புக் குறைவு, சாற்றில் புளிப்பு மிகுதி. பரோலோவிலோ துவர்ப்பு வலியது. அது மென்மையாகப் பல ஆண்டுகள் வேண்டும். எளிய பார்பேரா காத்திருக்கத் தேவையில்லை. சில ஆண்டுகளுக்குள் அருந்துவதே நன்று.

நெத்திலியும் பூண்டும்

அடுத்து மேசையின் நடுவே ஒரு மண்சட்டி வந்தது. அடியில் சிறு விளக்கு எரிந்தது. சட்டியில் உப்பிட்ட நெத்திலி மீனும் நிறையப் பூண்டும் ஒலிவ எண்ணெயில் கரைந்து கொதித்துக்கொண்டிருந்தன. பாஞ்ஞா காவ்தா என்பது அதன் பெயர். சுடுகுழம்பு என்று பொருள். குடைமிளகாய், முட்டைக்கோசு, நீத்சாவின் மண்ணில் வளையச் செய்து வெளுக்கவைக்கும் கார்தோ என்னும் தண்டுக்கீரை ஆகியவற்றை அதில் தோய்த்து, சொட்டாமல் ரொட்டித் துண்டை அடியில் ஏந்தி உண்கிறார்கள். திராட்சை அறுவடையும் ஆலைப் பணியும் முடிந்த பின் உழைத்தவர் அனைவரும் கூடி உண்ட உணவு அது. எல்லாருக்கும் ஒரே சட்டி.

நெத்திலிக்கும் இக்குன்றுகளுக்கும் என்ன தொடர்பு? இங்குக் கடலே இல்லையே! தெற்கே லிகூரியாக் கடற்கரையிலிருந்து மலைப்பாதைகள் வழியே உப்பும் எண்ணெயும் மீனும் வந்தன. பனிக்காலத்தில் வயலில் வேலையற்ற மாயிரா பள்ளத்தாக்கின் ஏழை மக்கள் தள்ளுவண்டியில் உப்பு நெத்திலி விற்றுப் பிழைத்தனர். ஆக, அந்தச் சட்டியில் சந்தித்தவை இரு வகை ஏழைகளின் உழைப்பு.

பார்பேரா இவ்வுணவுக்கு ஏன் பொருந்துகிறது? காரணம் எளியது. எண்ணெய் படிந்த நாவைப் புளிப்பு துடைத்துத் தூய்மையாக்குகிறது. பொரித்த மீன்மேல் நாம் எலுமிச்சை பிழிவதும் அதற்குத்தானே! மீனின் உப்பு இரசத்தின் புளிப்பை மென்மையாக்குகிறது. துவர்ப்பு மிக்க இரசமாயின் மீனோடு சேர்ந்து கசந்து இரும்புச் சுவை தரும். பார்பேராவில் அக்குறை பெரிதும் இல்லை. தக்காளி சேர்த்த உணவுக்கும், இறைச்சிப் பூரணம் வைத்த அஞ்ஞொலோத்தி என்னும் மாப்பொதிகளுக்கும், பன்றியிறைச்சித் தொத்திறைச்சிக்கும், முற்றாத பாலாடைக்கட்டிக்கும் அது இசைவதன் காரணமும் இதுவே. புளிப்பான உணவுக்குப் புளிப்புக் குன்றிய இரசம் சப்பென்றிருக்கும் என்பது பொதுவிதி. மிளகாய்க் காரம் மிக்க உணவுக்கோ சாராயச் சத்து எரிச்சலையே கூட்டும்; அங்கு இதற்கு இடமில்லை.

அந்த முதியவர் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டார். எஞ்சியதைத் தக்கையிட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்தார். இரண்டு மூன்று நாள் தாங்கும். உணவு இன்றித் தனியே அருந்துவது அவர் வீட்டில் வழக்கமே இல்லையாம். கிண்ணம் பந்திக்கு உரியது. பந்தி பலருக்கு உரியது. அளவோடு அருந்துவோருக்கு அது மகிழ்ச்சி என்றும் அளவு மீறுவோருக்குக் கசப்பு என்றும் சீராக்கின் ஞானநூல் கூறும் அறிவுரையை அவர் விளக்கவில்லை, வாழ்ந்து காட்டினார்.

நாவு அறியாத நஞ்சு

உணவு முடிந்ததும் அவர் முகம் வாடியது. 1986-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், தூரினின் மோட்டார் வாகன ஆலைகள் குன்றுகளின் இளைஞர்களை ஈர்த்தன. தோட்டங்களில் முதியோர் மட்டுமே எஞ்சினர். இரசத்தைப் புட்டியில் அடைக்காமல் மொத்தமாக விற்றார்கள். அறுவடைக் காலத்தில் தரகர்கள் வைத்ததே விலை. கனிந்த பழம் காத்திராது என்பதை அவர்கள் அறிவார்கள். பார்பேரா என்றாலே மலிவுச் சரக்கு என்ற பெயர் வந்தது. எவ்வளவு மலிவு என்பதே போட்டியாயிற்று.

திராட்சை இரசத்தில் சாராயச் சத்து குறைந்தால் விலை குறையும். அதைக் கூட்டச் சர்க்கரை சேர்ப்பது இத்தாலியில் சட்டப்படி குற்றம். திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிச் சேர்ப்பதற்கோ செலவு மிகும். இந்நிலையில் 1984-இல் மெத்தனால் என்னும் தொழிற்சாலைச் சாராயத்தின்மேல் இருந்த வரி குறைக்கப்பட்டது. வண்ணப்பூச்சுக்கும் கரைப்பான்களுக்கும் பயன்படும் நஞ்சு அது. மனச்சான்றை இழந்த சில வணிகர்கள் அதை இரசத்தில் கலந்தனர். 1986 மார்ச்சில் மிலான் நகரில் மரணங்கள் தொடங்கின. 23 பேர் இறந்தனர். மேலும் பலர் பார்வை இழந்தனர். முதலில் பிடிபட்ட மலிவுப் புட்டிகளின்மேல் ஒட்டியிருந்த பெயர், பார்பேரா.

கல்லீரல் மெத்தனாலைப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது கண் நரம்பை அழித்து, குருதியில் அமிலத்தைப் பெருக்கி, உயிரைக் குடிக்கிறது. அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. இரசத்தில் கலந்த மெத்தனாலை நாவால் கண்டறிய இயலாது, மூக்காலும் இயலாது. வெள்ளை விரிப்பில் சாய்த்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் நிறம் காட்டிக்கொடுக்காது. இதுவரை நாம் சொன்ன சுவைக்கும் கலை முழுவதும் இந்த இடத்தில் தோற்றுப்போகிறது. தக்கையின் பழுதை நாவு அறியும். மனிதனின் பொய்யை அறியாது.

அந்த ஆண்டு எங்கள் ஊரில் ஒருவரும் குற்றம் செய்யவில்லை. ஆனால் எல்லாரும் தண்டனை பெற்றார்கள் என்றார் முதியவர். நேர்மையாய் உழைத்தவரின் இரசமும் விற்காமல் பீப்பாயில் தேங்கியது. பார்பேரா என்ற பெயரைச் சொல்லவே கூசினார்களாம்.

கானாவூர்த் திருமணம் நம் நினைவுக்கு வந்தது. பந்தி மேற்பார்வையாளர் புதிய இரசத்தைச் சுவைத்தார். நல்லது என்று அறிந்தார். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் மொண்டு வந்த பணியாளருக்கே தெரிந்திருந்தது என்கிறார் புனித யோவான். எத்தனை முறை இப்பகுதிக்கு மறையுரை ஆற்றியிருக்கிறோம்! அன்றுதான் அந்த வரியின் ஆழம் புலப்பட்டது. சுவைப்பவன் அறியாததை உழைப்பவன் அறிகிறான். கிண்ணத்தின் உண்மை, கலம் சுமந்தவனின் கையில் இருக்கிறது.

ஆலயத்தின் நிலவறையில்

மரணத்தோடு இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. 1986-லேயே உணவுக் கலப்படத்துக்கு எதிரான கடுமையான சட்டம் இத்தாலியில் வந்தது. அதனினும் பெரிய மாற்றம் உழவர்களின் உள்ளத்தில் நிகழ்ந்தது. குறைவாக விளைவித்து, நன்றாக விளைவித்து, தம் பெயரைத் தாமே புட்டியில் எழுதி விற்க அவர்கள் துணிந்தனர். ரொக்கெத்தா தானாரோ ஊரின் ஜாக்கோமோ பொலோஞ்ஞா என்பவர் அதற்குமுன்னரே வழிகாட்டியிருந்தார். ஏழையின் பழமென்று இகழப்பட்ட பார்பேராவை 1982-ஆம் ஆண்டின் அறுவடையிலிருந்து சிறிய ஓக் மரப்பீப்பாய்களில் முதிர்வித்து, அது எந்த உயர்குல இரசத்துக்கும் தாழ்ந்ததன்று என்று காட்டினார். 1970-இல் தோற்றச் சான்று பெற்ற ஆஸ்திப் பார்பேரா 2008-இல் இத்தாலியின் மிக உயரிய தரச்சான்றைப் பெற்றது. 2014-இல் நீத்சாவின் பார்பேரா அதே சான்றைத் தனிப் பெயரில் பெற்றது. அதே ஆண்டில் லாங்கே, மொன்ஃபெராத்தோக் குன்றுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எளிய பார்பேரா இன்றும் எளிய விலைக்கே கிடைக்கிறது. ஆனால் அதன்மேல் இப்போது விளைவித்தவனின் பெயர் இருக்கிறது.

பங்குத்தந்தையர் நாம் மறக்கலாகாத ஒரு நிகழ்வும் உண்டு. பார்பேராவுக்குப் பெயரில் நெருங்கிய பர்பரேஸ்கோ என்னும் சிற்றூர் லாங்கே குன்றுகளில் உள்ளது. அங்கு விளைவது நெபியோலோ. 1958-இல் அவ்வூர்ப் பங்குத்தந்தை ஓர் உண்மையைக் கண்டார். சிறு உழவர்கள் தனித்தனியே நின்றால் தரகர் வைத்த விலைக்குத் தலைவணங்கியே ஆகவேண்டும், ஊரும் காலியாகிவிடும். எனவே 19 உழவர்களைக் கூட்டி ஒரு கூட்டுறவு அமைத்தார். அவர்களிடம் ஆலை இல்லை, பணமும் இல்லை. பங்கு ஆலயத்தின் அடித்தளத்திலேயே முதல் மூன்று ஆண்டுகளின் இரசத்தை உருவாக்கினார்கள். மேலே பலிபீடத்தில் கிண்ணம். கீழே நிலவறையில் உழவர்களின் பீப்பாய்கள்! அக்கூட்டுறவு இன்று உலகெங்கும் மதிக்கப்படுகிறது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் உரிமை பற்றி எழுதிய திருமடலுக்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரை வேறென்ன வேண்டும்?

நம் கிண்ணம்

தொலைநாட்டுக் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியுமா? 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் நம் மக்களைக் கொன்றது அதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிலானில் மலிவுப் புட்டியை வாங்கியவனும் கருணாபுரத்தில் சாராயப் பொட்டலம் வாங்கிய கூலித் தொழிலாளியும் செய்தது ஒன்றே: தங்களால் இயன்ற விலையில் கிடைத்ததை வாங்கினார்கள். குடித்தது அவர்களின் குற்றம் என்று சொல்லி நாம் கைகழுவிவிடுவது எளிது. பிலாத்தும் கைகழுவினான்.

குடிப்பழக்கத்திலிருந்து நம் குடும்பங்களை மீட்க வேண்டும்; அதில் ஐயமில்லை. அதோடு மற்றொன்றையும் நாம் கேட்டாக வேண்டும். எண்ணெய், பால், அரிசி, மருந்து என்று நாம் வாங்கும் ஒவ்வொன்றையும் இயன்ற மட்டும் மலிவாய்க் கேட்கிறோம். அந்த மலிவை யாருடைய வயிறு ஈடுசெய்கிறது? விளைவித்தவனுக்கு உரிய விலை கிடைக்காத இடத்தில்தான் கலப்படம் நுழைகிறது. நுழைந்ததை வாங்குபவனின் நாவு அறிவதில்லை. மலிவு தவறன்று. பார்பேரா மலிவானது, நேர்மையாய் இருந்தபோதெல்லாம் அது ஏழையின் பந்திக்கு மகிழ்வூட்டியது. பொய் சேர்ந்த மலிவுதான் கொன்றது.

அந்த முதிய குருவின் இல்லத்திலிருந்து மறுநாள் காலையில் விடைபெறுமுன் அவரோடு கூட்டுத்திருப்பலி நிறைவேற்றினோம். குப்பியிலிருந்த இரசம் யாருடையது என்று கேட்டோம். ஆலயத்தின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு முதியவரை அவர் கண்ணால் காட்டினார்.

நம் ஆலயத்தில் பீடச் சிறுவன் இன்றும் குப்பியை நீட்டுகிறான். அதை வாங்கும்போது, முகம் தெரியாத ஒரு தோட்டத்தையும் பெயர் தெரியாத ஒரு கையையும் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கைக்கு உரிய கூலி கிடைத்திருக்க வேண்டும் என்று மன்றாடிய பின்னரே கிண்ணத்தை உயர்த்துகிறோம்.